வீட்டில் குருவி கூடு கட்டினால் என்ன செய்வது? மலையக வீடுகளுக்கு அறிகுறி வாரியாக

பெப்ரவரி பிறந்து வெயில் தலைகாட்டியதும் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரியான கேள்விகள் காதில் விழும். லைட்டின் மேல் குருவி கூடு வைக்கிறது. தகரத்துக்கு அடியில் ஏதோ பிராண்டுகிறது. ஜன்னல் கண்ணாடியை ஒரு பறவை விடாமல் கொத்துகிறது. முட்டி (சின்ன மண்பானை) கட்டித் தொங்கவிட்டும் சிட்டுக்குருவி எட்டிப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பறவை ஏன் அந்த இடத்தைப் பிடித்தது? அது புரிந்துவிட்டால், கூட்டில் கை வைக்காமலே பாதிச் சிக்கல் தீரும்.

பறவை இடம் தேடும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. மழையில் நனையக் கூடாது, பூனையும் சாரைப்பாம்பும் செண்பகமும் எட்டக் கூடாது, குஞ்சுக்குப் புழு பூச்சி பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். மலையகத்தில் மார்ச், ஏப்ரலில் பின்னேரத்து இடிமழை, மே பிறந்தால் மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவமழை. வெளியே நனையாத மூலை கிடைப்பது கஷ்டம். ஆட்கள் புழங்கும் இடத்துக்குச் செண்பகம் வரவும் தயங்கும். ஆகவே உங்கள் இஸ்தோப்பு (வீட்டு முன் விறாந்தை) ஒரு பறவைக்குப் பிடித்துப்போவதில் ஆச்சரியமே இல்லை.

எதையும் செய்வதற்கு முன் கூடு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வாயில் புல்லும் நாரும் கொண்டுபோனால் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. நடமாட்டம் குறைந்து, ஒரு பறவை மட்டும் சத்தமில்லாமல் வந்து போனால் முட்டை இருக்கிறது அல்லது அடை காக்கிறது. வாயில் புழுவோடு வந்து, போகும்போது வெள்ளையாக ஒரு எச்சப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனால் உள்ளே குஞ்சு இருக்கிறது. நாம் தலையிடலாம் என்றால் அது முதல் நிலையில், அல்லது குஞ்சுகள் பறந்து போன பிறகு. நடுவில் உள்ள நாட்களில் விட்டுவிட வேண்டும். சின்னப் பறவைகளுக்கு அந்த நடுக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம்தான்: அடை காக்க 12 முதல் 15 நாள், குஞ்சு பறக்க இன்னும் 12 முதல் 17 நாள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விலக்கப்பட்ட சில இனங்கள் தவிர, காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் அவற்றின் முட்டையை எடுப்பதும் குற்றம்.

அறிகுறி: லைட்டின் மேல், மீட்டர் பெட்டியின் மேல், திரைச்சீலைக் கம்பியில் கிண்ணம் போலக் கூடு

பெரும்பாலும் கொண்டைக்குருவி. தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு. இலங்கையில் வீட்டுக்குள்ளேயே வந்து கூடு கட்டப் பழகிய பறவை இது. மெல்லிய காம்பு, காய்ந்த புல், சிலந்தி வலை எல்லாம் சேர்த்துக் கட்டும். 2 அல்லது 3 முட்டை, இளஞ்சிவப்பில் செம்புள்ளிகள்.

அது அந்த லைட்டைப் பிடித்ததற்குக் காரணம், அடியில் கையகலம் தாங்கு, மேலே கூரை, ஏறிவர வழியில்லாத உயரம். இன்னும் கட்டத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாள்தான் என்றால், கொண்டுவந்த புல்லை எடுத்துவிட்டு, அந்தத் தாங்கு இல்லாமல் செய்யுங்கள். கடுதாசி மட்டையைக் கூம்பாகச் சுருட்டி லைட்டின் மேல் கவிழ்த்தால் உட்கார இடம் இருக்காது. அதே நாளில் வெளி இஸ்தோப்பில், தீராந்தியை (கூரை உத்தரத்தை) ஒட்டி, ஒரு சின்னப் பலகையோ பழைய பிரம்புக் கூடையோ வையுங்கள். எல்லா முறையும் மாறும் என்று சொல்ல முடியாது, ஆனால் இடம் இன்னும் முடிவாகாத நேரத்தில் மாறிக்கொள்ளும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

முட்டை விழுந்துவிட்டதா? அப்படியென்றால் அந்த லைட் ஒரு மாதத்துக்கு உங்களுடையது இல்லை. ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் தெரியாமல் போட்டுவிடுவார்கள். பழைய இழை பல்பு கூட்டைக் கருக்கிவிடும். எல்.ஈ.டி. பல்பு அவ்வளவு சுடாது, ஆனால் ராத்திரி முழுவதும் வெளிச்சம் விழுந்தால் தாய் அமைதியாக உட்காராது. லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) இருப்பதே ஒரு லைட்தான் என்றால், ஒரு ஹோல்டரும் கொஞ்சம் வயரும் வாங்கி மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, வேறு மூலைக்கு ஒரு பல்பு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த தொல்லை கதவு. நம்முடைய குளிருக்கு ஐந்து, ஐந்தரைக்கே கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிடுவோம். தாய் உள்ளே கூட்டில் இருந்தால் ராத்திரி சாத்தியிருப்பதில் பிழை இல்லை, அது எப்படியும் விடியும்வரை எழுந்திருக்காது. ஆனால் வெளிச்சம் விழத் தொடங்கும்போதே திறக்க வேண்டும். காலையில் குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, கொழுந்துக்குப் போய், வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில், மேல் ஜன்னலில் ஒரு கண்ணாடித் தட்டை மட்டும் கழற்றி வைத்தால் போதும். ஒரு கை நுழையும் அளவு வழி அதற்கு நிறைய.

அடியில் பத்திரிகைத் தாள் விரித்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூட்டைத் தூக்கி மரத்தில் வைத்துவிடலாமே என்று நிறையப் பேர் கேட்பார்கள். வேண்டாம். முட்டையோடு நகர்த்திய கூட்டைத் தாய் பெரும்பாலும் கைவிட்டுவிடும். பறவை ஞாபகம் வைத்திருப்பது இடத்தை, கூட்டை அல்ல. ஆறடி தள்ளி வைத்தாலும் பழைய இடத்துக்கே வந்து தேடிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: கூரைக்குள் சத்தம், வைக்கோல் விழுகிறது

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். பகலில் மட்டும் சத்தம் கேட்டு, இருட்டியதும் அடங்கிவிட்டால் அது பறவை. ராத்திரியில் ஓடினால் எலி, கனமாக நடந்தால் மரநாய். ராத்திரியில் மூச்சை இழுத்து இழுத்துச் சீறுவது போல இருந்தால் கூகைக் குஞ்சாக இருக்கலாம். கீழே எலும்பும் எலிமயிரும் கலந்த கறுப்பு உருண்டைகள் கிடந்தால் கூகைதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். சாக்குருவி என்று பேர் வைத்து, அது கத்தினால் சாவு விழும் என்று பயப்படுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்திலேயே கல்லெறிந்து கொன்றும் விடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. கூகை தின்பது பெரும்பாலும் எலி. லயத்தில் அரிசி வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் அதைவிட நல்ல காவல் கிடையாது. சிக்கல் என்னவென்றால் அதற்குக் காலம் அதிகம்: அடைக்கு ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். சத்தமும் நாற்றமும் தாங்க முடியாவிட்டால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள், நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

பகல் சத்தம் என்றால் சிட்டுக்குருவி அல்லது மைனா. தகரத்தின் நெளிவும் சுவரும் சேரும் இடத்தில் விடுபடும் துளைதான் இரண்டுக்கும் வாசல். சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குலம் போதும். மைனாவுக்கு இரண்டு அங்குலமாவது வேண்டும், பிளாஸ்டிக் பை, துணி, கடுதாசி என்று கண்டதையெல்லாம் இழுத்து வரும், தகரத்தில் நடந்தால் ஆள் நடக்கிற மாதிரிக் கேட்கும்.

துளையை அடைப்பதுதான் தீர்வு, ஆனால் உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கசக்கிய பத்திரிகைத் தாளைத் துளையில் லேசாகச் செருகி வையுங்கள், இறுக்கக் கூடாது. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் தட்டிவிட்டுப் போகும்படி இருக்க வேண்டும். செருகிய அன்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வாயில் புழுவோடு ஒரு பறவை வெளியே தவித்துக்கொண்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். மழையில்லாத இரண்டு மூன்று நாளும் தாள் அப்படியே இருந்தால் கூடு காலி. அப்புறம் அரை அங்குல வலையை மடித்துச் செருகிச் சிமெந்து பூசலாம். குஞ்சு இருக்கும்போது அடைத்துவிட்டால் அவை உள்ளே செத்து, நாற்றம் வாரக்கணக்கில் போகாது, பின்னாலேயே ஈயும் புழுவும் வரும்.

ஒன்றில் மட்டும் தாமதிக்கக் கூடாது. விறகு அடுப்பின் புகைக்குழாயைத் தொட்டுக்கொண்டோ, தோல் உரிந்த பழைய வயரின் மேலோ வைக்கோல் குவிந்தால் நெருப்பு ஆபத்து. கட்டத் தொடங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். முட்டை வந்துவிட்டால் அடுப்பை அந்த மாதத்துக்கு வெளியே போட முடியுமா, அந்த வயருக்கு மின்சாரத்தை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் ஆட்களின் உயிர்தான் முதலில், மேலே சொன்ன 1992க்குச் சொல்லிக் கேட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி: கேட் குழாய்க்குள், சுவர்ப் பொந்துக்குள் பாம்பு சீறுகிறது

தடியை எடுப்பதற்கு முன் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், நெஞ்சில் நெடுக ஒரு கறுப்புக் கோடு உள்ள சாம்பல் நிறக் குருவி உள்ளே போய்வந்தால் அது பட்டாணிக்குருவி. அடை காக்கும்போது யாராவது பொந்துக்குள் எட்டிப் பார்த்தால் பாம்பு போலவே சீறும். மலையகத்தில் கல் மதில், மூடி இல்லாத இரும்புக் குழாய், தபால் பெட்டி எல்லாம் அதற்கு இஷ்டம். கேட்டை மெதுவாகத் திறந்து மூடினால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தபால் பெட்டி என்றால் ஒரு மாதத்துக்குப் பக்கத்தில் ஒரு பையைக் கட்டித் தபால்காரரிடம் சொல்லிவிடுங்கள். நிமிர்ந்து நிற்கும் குழாயில் மழைத் தண்ணீர் தேங்கிக் குஞ்சு மூழ்கும் அபாயம் உண்டு. பறந்து போனதும் குழாய்க்கு மூடி போட்டுவிடுங்கள். அடுத்த முறை தபால் பெட்டியை விட்டுவிட, ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான வாசல் வைத்த மரப்பெட்டி ஒன்றை மதிலில் அடித்துவைத்தால் அங்கே போகும்.

பொந்து தரையோடு இருந்து, குருவியும் கண்ணில் படவில்லை என்றால் பாம்பாகவே இருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறிகுறி: கூரையடியில் மண் கூடு, கீழே எச்சம்

தலைவாசலுக்கு மேலே, பழைய பங்களாவின் முகப்பில், ஸ்டோர் உத்தரத்தில், பாதிச் சிரட்டையை ஒட்டவைத்தது போல மண் கூடு இருந்தால் அது நம் மலையகத்துச் சின்னத் தகைவிலான். கழுத்தும் முகமும் செங்கல் நிறம், வயிறு மங்கல். ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும். செப்டெம்பருக்குப் பிறகு டவுன் வயர்களில் ஆயிரக்கணக்கில் வரிசையாக உட்காருபவை வேறு. அவை வடக்கிலிருந்து குளிருக்கு வந்து ஏப்ரலில் திரும்பிப் போகிறவை, இங்கே கூடு கட்டுவதில்லை. சிரட்டை வடிவம் இல்லாமல் நீண்ட குழாய் வாசலோடு குடுவை மாதிரி இருந்தால், அது இலங்கையில் மட்டுமே வாழும் செந்நிறத் தகைவிலான். தாழ்ந்த மலைப் பகுதிகளில் பாலத்தடியிலும் மதகிலும் கட்டும், வீட்டுக்கும் வரும்.

எச்சம்தான் குறை என்றால் தீர்வு ஒரு பலகை. கூட்டுக்கு ஒன்று ஒன்றரை அடி கீழே, ஓரடி அகலத்தில் பலகை அடித்துவிட்டால் எல்லாம் அதில் விழும். கூட்டுக்கு மிக அருகில் அடித்தால் பூனைக்கும் காகத்துக்கும் நாமே படி கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தகைவிலான் ஒரே கூட்டைத் திருத்தித் திருத்தி வருடா வருடம் பாவிக்கும். ஆகவே பலகையை ஒழுங்காக அடித்தால் அந்த வேலை ஒரு தடவையோடு முடியும்.

கூடு அடிக்கடி உதிர்ந்து விழுகிறதா? சுவரில் பளபளப்பான எண்ணெய்ப் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள், ஈர மண் அதில் பிடிக்காது. கூட்டுக்கு அடியில் சொரசொரப்பான மரத்துண்டு ஒன்றை அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஆணியடித்தால் தாங்கும். குஞ்சோடு விழுந்திருந்தால் அரைச் சிரட்டையிலோ சின்னக் கூடையிலோ உடைந்த கூட்டின் உள்பஞ்சையும் இறகையும் போட்டு, குஞ்சுகளை வைத்து, விழுந்த அதே இடத்தில் கட்டுங்கள். தாய் தகப்பன் திரும்ப வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் பறவை குஞ்சை ஒதுக்கிவிடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம், அது உண்மை இல்லை.

அறிகுறி: ஜன்னலை, மோட்டார் சைக்கிள் கண்ணாடியைப் பறவை கொத்திக்கொண்டே இருக்கிறது

கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் அழகாகப் பாடும் குண்டுக்கரிச்சான். சிங்களத்தில் பொல்கிச்சா என்றால் எல்லோருக்கும் தெரியும். கொண்டைக்குருவியும் இதைச் செய்யும். அதற்குக் கிறுக்கும் இல்லை, உள்ளே வரவும் கேட்கவில்லை. பக்கத்தில் எங்கோ அதன் கூடு இருக்கிறது, கண்ணாடியில் தெரிகிற இன்னொரு ஆணைத் தன் எல்லைக்குள் வந்த எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. எதிரியும் ஓடுவதாக இல்லை. ஆகவே நாள்கணக்கில் நடக்கும், பாவம், குஞ்சுக்குப் புழு தேடவேண்டிய நேரம் இதிலேயே போகும்.

உள்ளே திரை போட்டால் பிரதிபலிப்பு இன்னும் தெளிவாகிவிடும். வெளிப்பக்கம்தான் மறைக்க வேண்டும். அது வந்து மோதும் அந்தத் தட்டில் மட்டும் சவர்க்காரத்தைக் கரைத்துப் பூசுங்கள், அல்லது பழைய சாக்கைத் தொங்கவிடுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு கண்ணாடிக்கும் பழைய காலுறை போதும். குஞ்சு பறந்ததும் இந்தச் சண்டை தானாக ஓயும்.

ஒக்டோபர் வாக்கில் கண்ணாடியில் மோதி விழுந்து கிடப்பது வேறு கதை. பச்சை முதுகும் சிவந்த அடிவாலும் உள்ள ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து ராத்திரிப் பயணமாக வந்து களைத்துப் போய் மோதும். கடுதாசிப் பெட்டியில் துளை போட்டு, இருட்டான அமைதியான இடத்தில் ஒரு மணித்தியாலம் வைத்துப் பிறகு பற்றை ஓரத்தில் திறந்துவிடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள்.

அறிகுறி: உடுப்புக் கொடியில் குப்பை தொங்குகிறது

சருகு, மரப்பட்டைத் துண்டு, சிலந்தி வலை, புழுவின் எச்சம் எல்லாம் ஒட்டிய ஒரு சின்னப் பை. பார்த்ததும் கையால் பறித்துப் போடத் தோன்றும். பறிக்காதீர்கள், அது தேன்சிட்டின் கூடு. குப்பை மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டுகிறது. பக்கவாட்டில் ஒரு வாசல், அதன் மேல் மழை படாதபடி ஒரு தாழ்வாரம். உள்ளே 2 முட்டை இருக்கும். காற்றில் ஆடும் மெல்லிய கம்பியில் பூனையோ பாம்போ நடந்து வர முடியாது, அதனால்தான் உடுப்புக் கொடி அதற்கு அவ்வளவு பிடிக்கிறது.

அந்தக் கொடியில் உடுப்புப் போடாமல் பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொள்வது சுலபம். கொடியை அவிழ்த்து நகர்த்த வேண்டாம். ஹப்புத்தளைப் பக்கத்துக் கச்சான் காற்று மாதங்களில் கூடு சுழன்று முறுக்கிக்கொண்டால், கொடியின் இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டி ஆட்டத்தைக் குறையுங்கள். முத்தத்தில் செம்பரத்தை இருந்தால் தேன்சிட்டு அங்கேயே சுற்றும். இரண்டு மூன்று இலையைச் சேர்த்துத் தைத்துப் பஞ்சு அடைத்த கூடு செடியில் இருந்தால் அது தையல்சிட்டு. அந்தக் கிளையை விட்டு மற்றதை வெட்டிக்கொள்ளலாம்.

அறிகுறி: வேலி வெட்டும்போது, கவ்வாத்தில் (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது), வடிகான் வெட்டும்போது கூடு தெரிகிறது

தேயிலைச் செடிக்குள் கொண்டைக்குருவியும் புள்ளிப்புறாவும் கூடு வைக்கும். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு இது தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அந்தச் செடியைச் சுற்றிக் கொஞ்சம் மேலாகக் கிள்ளிவிட்டுப் போவார்கள். கவ்வாத்தில்தான் கஷ்டம். ஒரு செடியை மட்டும் விட்டுச் சுற்றி எல்லாம் மொட்டையானால், அந்த ஒற்றைப் பச்சையைச் செண்பகமும் காகமும் முதல் நாளே கண்டுபிடிக்கும். விடுவதானால் பக்கத்து நாலைந்து செடியையும் சேர்த்து விடும்படி கங்காணியிடம் கேளுங்கள், இரண்டு மூன்று கிழமையில் திரும்பி வந்து வெட்டிக்கொள்ளலாம். வீட்டு வேலியென்றால் மார்ச் தொடங்கி மே வரை வெட்டாமல் இருப்பதே சுகம்.

நுவரெலியாவிலும் ஊவாப் பத்தனைப் பக்கமும் பாதை ஓரத்து மண் கரையில் சின்னப் பொந்துக்குள் கூடு இருந்தால், கறுப்பு உடம்பும் தோளில் வெள்ளைத் திட்டுமாக அருகில் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் புதர்ச்சிட்டைத் தேடுங்கள். இலங்கையில் மலைநாட்டில் மட்டும்தான் அது இருக்கிறது. கரையை அந்த இடத்தில் செதுக்காமல் விட்டால் போதும்.

அறிகுறி: குஞ்சு தரையில் கிடக்கிறது

இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தி நடந்தால் அது விழுந்த குஞ்சு இல்லை, கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு. இந்த நிலையில் இரண்டு மூன்று நாள் தரையிலும் பற்றையிலும் திரியும், தாய் தகப்பன் வந்து ஊட்டும். வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போவதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல். பூனையைக் கட்டிவிட்டு, குஞ்சை எடுத்துத் தோளளவு உயரத்துக் கிளையில் உட்காரவைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். நாம் பக்கத்தில் நிற்கும்வரை தாய் வராது.

இறகே இல்லாமல் தோலாகக் கிடந்தால் கூட்டில் திரும்ப வையுங்கள். கை சூட்டில் கொஞ்சம் பிடித்திருந்து பிறகு வைத்தால் இன்னும் நல்லது. கூடு கிடைக்கவில்லை என்றால், மேலே தகைவிலானுக்குச் சொன்னபடி ஒரு கூடை. பால், பாண், சோறு ஒன்றும் வேண்டாம்.

முட்டையின் மேல் தாயைக் காணோம், கைவிட்டுவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: சின்னப் பறவைகளில் பல, நாளுக்கு ஒன்றாக முட்டையிட்டு, கடைசி முட்டை வந்த பிறகுதான் முழுமையாக அடையில் உட்காரும். அதுவரை முட்டை குளிர்ந்தே கிடக்கும். அதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

அறிகுறி: காகம் தலையில் கொத்த வருகிறது

கூடு மேலே இருக்கிறது, குஞ்சு இறங்கும் நேரம். ஒரு குடை போதும், இரண்டு கிழமையில் அடங்கும். அந்தக் கூட்டில் கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு குஞ்சு இருந்தால் அது குயில் குஞ்சு. காகமேதான் வளர்க்கும், நாம் தலையிட ஒன்றும் இல்லை.

அறிகுறி: முட்டி தொங்கவிட்டேன், குருவி வரவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்பவருக்குக் குருவி வேண்டும். பழைய லயத்தில் தகரத்துக்கும் கருங்கல் சுவருக்கும் இடையில் துளைக்குக் குறைவில்லை, சிட்டுக்குருவி காலங்காலமாக அங்கேயே குடும்பம் நடத்தியது. இப்போது தனிக் காணியில் எழும்பும் புது வீடுகளில் சுவர் மழமழவென்று பூசிக் கூரையடி இறுக்கமாக மூடியிருக்கிறது. ஆட்களுக்கு நல்ல வீடு, குருவிக்கு வாசல் இல்லை. அதற்கு ஈடாக இரண்டு முட்டி கட்டுவது நாம் செய்யக்கூடிய சின்ன வேலை.

வராததற்கு வழக்கமான காரணம் வாசல். முட்டியின் வாய் அகலமாக இருந்தால் மைனாவும் அணிலும் எட்டிப் பார்க்கும், குருவி ஒதுங்கிவிடும். ஒன்றேகால் அங்குல ஓட்டை வைத்த பலகையோ மூடியோ வாயில் கட்டுங்கள். உட்காரக் குச்சி வைக்க வேண்டாம், அது காகத்துக்கு உதவி. அடியில் இரண்டு சின்னத் துளை, தண்ணீர் வடிய.

அடுத்தது திசை. ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் என்றால் வாசல் தென்மேற்கைப் பார்க்கக் கூடாது. பதுளை, பசறைப் பக்கம் மழை டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கிலிருந்து அடிக்கும், அங்கே அந்தத் திசையைத் தவிருங்கள். எங்கேயானாலும் கூரையின் தாழ்வாரத்துக்கு உள்ளே, 8 முதல் 10 அடி உயரத்தில், ஆடாமல் சுவரோடு இறுக்கமாகக் கட்டுங்கள். கயிற்றில் தொங்கிச் சுழலும் முட்டியைவிட ஆணியில் சாய்ந்து நிற்கும் முட்டிக்குக் குருவி சீக்கிரம் வரும். வெயில் நேராக விழும் தகரத்தை ஒட்டிக் கட்டினால் மத்தியானம் உள்ளே வெந்துவிடும். ஒன்று கட்டுவதைவிட இரண்டு மூன்று கட்டுங்கள், சிட்டுக்குருவி கூட்டமாக இருக்கத்தான் விரும்பும்.

மூன்றாவது தீனி. பெரிய குருவி அரிசியும் குறுநெல்லும் தின்னும், ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் மெல்லிய புழு பூச்சிதான். வீட்டைச் சுற்றி மரக்கறிப் பாத்திக்குக் கிழமைக்கு ஒருமுறை மருந்து அடித்துவிட்டு முட்டி கட்டினால், குருவி வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தோட்டத்தில் ஒரு மூலையை மருந்தில்லாமல் விடுங்கள். கொஞ்சம் காய்ந்த புழுதி மண்ணும் விடுங்கள், அதில்தான் அவை குளிக்கும்.

ஜனவரி கடைசிக்குள் கட்டிவிட்டால் நல்லது, இடம் தேடும் காலம் அது. முதல் வருடம் வராமல் இரண்டாம் வருடம் வருவதும் உண்டு, கழற்றிவிடாதீர்கள்.

அறிகுறி: குஞ்சு பறந்து போனபின் வீட்டில் அரிப்பு

கூட்டில் இருந்த மிகச் சின்னப் பறவை உண்ணி, உணவு போனதும் கீழே இறங்கி நம்மைத் தேடி வருகிறது. மனித உடம்பில் அது நிலைத்து வாழாது, ஆனால் கடிக்கும், அரிக்கும். கடைசிக் குஞ்சு பறந்து இரண்டு மூன்று நாள் கழித்து, திரும்பி வரவில்லை என்று உறுதியானதும், வாயையும் மூக்கையும் துணியால் கட்டி, கையுறை போட்டு, கூட்டின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து நனைத்து எடுங்கள். காய்ந்த எச்சத்தைக் கூட்டினால் தூசு மூச்சில் போகும். எடுத்ததைப் பைக்குள் கட்டிப் புதைத்துவிட்டு, இடத்தைக் கொதிதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். முட்டியையும் இப்படியே கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பக் கட்டுங்கள். தகைவிலானின் மண் கூட்டை மட்டும் எடுக்காமல், கீழே உள்ள பலகையை மட்டும் கழுவிவிடுங்கள். கூட்டை எடுத்த அன்றே, லைட் மேல் கூம்பு வைப்பதா, துளையை அடைப்பதா, பெட்டி அடிப்பதா என்று முடிவு செய்து முடித்துவிடுங்கள். கொண்டைக்குருவி அதே பருவத்தில் இன்னொரு ஈடு வைக்கும், ஒரு கிழமை தாமதித்தால் அது மறுபடியும் புல்லோடு வந்து நிற்கும்.